யாருடைய புரதம்?

2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் கலந்திருந்தது அம்பலமானது. ஆறு குழந்தைகள் இறந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. சோதனைக்கூடத்தை அந்த வேதிப்பொருள் எப்படித் தாண்டியது? ஓட்டை சோதனையிலேயே இருந்தது. 1883-இல் டென்மார்க்கின் வேதியியலாளர் கெல்டால் வகுத்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலென்றால் 6.38-ஆல் பெருக்கி, புரதம் இவ்வளவு என்கிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் விட்ட பாலில் கொஞ்சம் போட்டாலே கணக்கு நேராகிவிடும். புரதம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது கலப்படக்காரருக்கு வசதி. எந்த உயிரினத்தின் புரதம் என்றும் கேட்டால்தான் அவர் பாடு திண்டாட்டம்.

இத்தாலியின் கம்பானியா எருமை மொசரெல்லா பாலாடைக்கட்டியில் எருமைப்பால் மட்டுமே இருக்க வேண்டும். விலை குறைந்த பசும்பாலைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டின் கேசீன் புரதத்திலும் சில அமினோ அமிலங்கள் மாறுபடும். அதனால் மின்னூட்டமும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வச் சோதனை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. பாலாடைக்கட்டியின் கேசீனைப் பிரித்து, பிளாஸ்மின் என்ற நொதியால் துண்டாக்கி, அமிலத்தன்மை படிப்படியாக மாறும் மெல்லிய ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் தன் மின்னூட்டம் சுழியாகும் இடத்தில் நின்றுவிடும். சாயமேற்றினால் பசுவின் கோடுகள் ஓரிடத்தில், எருமையின் கோடுகள் சற்றுத் தள்ளி. பக்கத்திலேயே 1% பசும்பால் கலந்த மாதிரியும் ஓடும். சோதிக்கும் கட்டியில் பசுவின் கோடுகள் அதற்குச் சமமாகவோ அழுத்தமாகவோ விழுந்தால் குட்டு வெளிப்பட்டது.

டி.என்.ஏ. சோதனை இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், 2013-இல் அயர்லாந்தில் மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இருந்ததை டி.என்.ஏ.தான் காட்டிக்கொடுத்தது. ஆனால் மாத்திரைக் கூடுகளுக்கான ஜெலட்டினைப் பாருங்கள். தோலையும் எலும்பையும் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்துச் சூடாக்கும்போது டி.என்.ஏ. சிதைந்துபோகிறது. கொலாஜன் புரதமோ துண்டுபட்டாவது தங்குகிறது. அதை டிரிப்சின் நொதியால் மேலும் வெட்டி, நிறைமானியில் துண்டுகளை எடைபோட்டால் பன்றியா மாடா என்று பிரித்துச் சொல்லலாம். வெப்பத்தில் புரதமும் கெடுமே? கெடுவது பெரும்பாலும் அதன் மடிப்பு. மடிப்பைப் பார்த்து ஒட்டும் எதிர்ப்பொருள் சோதனைகள் அங்கே தடுமாறும். அமினோ அமில வரிசையைப் படிக்கும் நிறைமானி அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. ஆனாலும் புரதச் சோதனை சர்வரோக நிவாரணி அல்ல. பசும்பாலில் தண்ணீர் கலந்தாலும் பசுவின் புரதம் பசுவினுடையதே. அதற்குப் பாலின் உறைநிலையை அளக்கிறார்கள்: சுழிக்குக் கீழே அரை டிகிரியளவில் உறைய வேண்டிய பால், தண்ணீர் சேரச்சேரச் சுழியை நெருங்கும்.