பசித்த உடலும் பிள்ளைப்பேறும்

'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழிக்குத் தமிழர் இரு பொருள் கூறுவர். பாத்திரத்தில் உள்ளதே கரண்டியில் வரும் என்பது ஒன்று. சஷ்டியில் விரதம் இருந்தால் அகத்தேயுள்ள பையாகிய கருப்பையிற் பிள்ளை வரும் என்பது மற்றையது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைப்பேறு வேண்டி, ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டி நாள்கள் ஆறும் நோன்பு நோற்கும் மனைவியர் இன்றும் உளர். அவர்களுட் பலர் கோயிலுக்கும் போகின்றனர், வைத்தியரிடமும் போகின்றனர். பழமொழியின் இரண்டாவது பொருள் நம்பிக்கையைச் சார்ந்தது. முதலாவது பொருளோ உடலின் இயல்பைச் சார்ந்தது. மகப்பேற்றுச் சிகிச்சை பெறும் பெண்கள் மறக்கலாகாத பொருளும் அதுவே.

பெண்ணின் மாதவிடாய் ஒழுங்கு கருப்பையிலே தொடங்குவதன்று; மூளையின் அடிப்பாகத்திலே தொடங்குகின்றது. அங்குள்ள ஐப்போதலமசு என்னும் சிறு பகுதி, ஓர் ஓமோனை இடைவிட்டு இடைவிட்டுச் சுரக்கின்றது. அதனால் தூண்டப்பெறும் கபச்சுரப்பி சூலகத்தை ஏவுகின்றது; சூலகம் முட்டையை முதிரச் செய்து வெளிவிடுகின்றது. உடலில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு உண்டு என்பதை மூளைக்கு அறிவிக்கும் தூதனும் ஒருவன் உளன். 1994ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஓமோனே அத்தூதன். களஞ்சியத்தில் நெல் இல்லையென்று கணக்குப்பிள்ளை அறிவித்தால், வீட்டுக்காரர் விருந்தை ஒத்திவைப்பார் அல்லவா? அதுபோலவே மூளையும் கருத்தரிப்பை ஒத்திவைக்கின்றது. இது உடல் செய்யும் பிழையன்று, தற்காப்பாகும்.

இதற்கு வரலாறும் சான்று பகரும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 மாரிகாலத்தில், ஒல்லாந்தின் மேற்குப்பகுதி நகரங்களைக் கொடும் பஞ்சம் வருத்தியது. அப்பஞ்சம் கழிந்து ஒன்பது மாதமளவில் அந்நகரங்களிற் பிறப்புகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. உணவு மீண்ட பின்னர் பிறப்புகளும் மீண்டன.

பஞ்சம் இல்லாத வீட்டிலும் இத்தகைய பசி புகுவதுண்டு. 1689ஆம் ஆண்டில் றிச்சர்ட் மோர்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், உணவை மறுத்து மெலிந்த இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவளுடைய மாதவிடாய் நின்றுபோனதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. 1873இல் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் லாசேக் என்பவரும் இதனைத் தனி நோயாக விளக்கினர். அளவிறந்து உண்டபின், உண்டதைக் கழித்துவிட வருந்தி முயலும் மற்றொரு வகையை 1979இல் ஜெரால்ட் றசல் வகுத்துரைத்தார். இந்நோய் மெலிந்தவர்க்கே உரியது என்று கருதுவது தவறு. பார்வைக்குச் சாதாரண உடலினரிடத்தும் பருத்த உடலினரிடத்தும் இது மறைந்திருக்கும்.

விரதத்தையும் இந்நோயையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. விரதத்துக்கு நாள் எல்லை உண்டு. இறுதியிற் பாரணை உண்டு. இந்நோய்க்குப் பாரணை இல்லை. அச்சமும் வெட்கமும் கூடி உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் குற்றமாக்கிவிடும்.

1990ஆம் ஆண்டிற் கனடாவில் வெளியான ஆய்வொன்று இங்கே நினைக்கத்தக்கது. மகப்பேற்றுச் சிகிச்சை நாடி வந்த 66 பெண்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு உணவுக் கோளாறு இருந்தது. மாதவிடாய் நின்றோ ஒழுங்கு தவறியோ இருந்தவர்களுள் அது பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்பட்டது. அவர்களுள் ஒருவரேனும் தம் வைத்தியரிடம் அதனைச் சொல்லியிருக்கவில்லை. எண்ணிக்கையிலும் பார்க்க இம்மௌனமே கவலைக்குரியது. காரணத்தை அறியாமலே மருந்தால் முட்டையை முதிர்விக்க முயன்றால், பசித்த உடலின்மேற் கருவின் சுமையும் ஏறும். ஆதலால், உணவுக் குறைவால் மாதவிடாய் நின்ற பெண்ணின் உடல் நிறைச் சுட்டெண் 18.5ஐ எட்டிய பின்னரே அத்தகைய மருந்தைத் தொடங்குதல் நன்று என 2017இல் வெளியான ஓமோன் வைத்தியர்களின் நெறிமுறை கூறுகின்றது.

இலங்கையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சூலகத்தில் நீர்க்கட்டிகள் என மக்கள் கூறும் பி.சி.ஓ.எஸ். நோய், கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களுள் 6.3 வீதத்தினருக்கு இருப்பதாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நோயுடையாருட் பலர்க்கு 'நிறையைக் குறையுங்கள்' என்பதே முதல் அறிவுரை. அளவோடு கொண்டால் அது நல்லறிவுரையே. ஆனால், கலியாண வீடுதோறும் 'விசேஷம் ஒன்றும் இல்லையோ?' என்று கேட்கப்பட்டுக் கூனிக் குறுகிய பெண்ணின் செவியில், அது தண்டனையாக ஒலிக்கக்கூடும். அவள் காலையுணவை விடுவாள். பின்னர் மதியத்தையும் விடுவாள். இரவிற் பசி தாங்காது மறைவில் உண்டு அழுவாள். பி.சி.ஓ.எஸ். உடையவர்க்கு உணவுக் கோளாறு மிகுதியென்றும், அவர்தம் தாம்பத்திய நலனையும் வைத்தியர் விசாரித்தல் வேண்டுமென்றும் 2023ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை வற்புறுத்துகின்றது. பருமன் மிக்க 577 பெண்களைக் கொண்டு ஒல்லாந்தில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் நிறை குறைக்க முயன்றவர்கள், உடனே சிகிச்சை தொடங்கியவர்களிலும் பார்க்க மிகுதியாக நல்ல பேறு பெற்றாரல்லர். தன்னை வருத்திப் பட்டினி கிடப்பதே பிள்ளைப்பேற்றுக்கு வழியென்னும் எண்ணத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

பேசப்படாத மற்றொன்று தாம்பத்தியம். உணவு குறைந்து ஓமோன் குன்றும்போது விருப்பமும் குன்றும். உறுப்பு உலர்ந்து கூடல் நோவாகும். சிகிச்சையும் தன் பங்குக்குச் சுமையேற்றும். நாள் குறித்து, நேரம் குறித்துக் கூடுமாறு விதிக்கப்படும்போது, அன்பு கடமையாகின்றது, கடமை பரீட்சையாகின்றது. கணவரும் அப்பரீட்சையில் அஞ்சித் தளர்வதுண்டு. அடுத்த அறையில் மாமியார் உறங்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டிலும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய மனையிலும் இத்துன்பம் இரட்டிப்பாகும். நோவின் காரணமாகக் கூடலே நிகழாதிருக்க, இரத்தப் பரிசோதனைகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடைபெறும் தம்பதியரும் உளர். அந்நோவு குணப்படுத்தத்தக்கது. இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை இயல்பாகக் கூடிவாழ்தலே போதும், நாள் எண்ணவேண்டியதில்லை என்பது பிரித்தானிய நெறிமுறையின் அறிவுரை. பிள்ளையின்மையில் ஏறத்தாழ அரைவாசிக்கு ஆணின் பங்கும் உண்டு. அவ்வாறிருக்கப் பட்டினியும் பழியும் பெண்ணுக்கே ஆவது நீதியன்று.

கொழும்பில் உதவிக்குக் குறைவில்லை. 1879இல் தோன்றிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், 1953இல் நிறுவப்பட்ட குடும்பத் திட்டமிடற் சங்கமும் உள்ளன. மனத்துயர் மிகும்போது 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆயினும், கணவரோ மாமியாரோ அருகில் அமர்ந்து மொழிபெயர்க்க, தமிழ்ப் பெண் எதனைத்தான் சொல்வாள்? அவளைச் சிறிது நேரம் தனியே இருத்தி, அவளுடைய மொழியிலே மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். நாளொன்றுக்கு என்ன உண்கிறாள்? உண்டபின் அவள் மனம் என்ன சொல்கின்றது? கூடலில் நோவு உண்டா? கேட்கப்படாவிடின், அவளே துணிந்து சொல்லலாம். வைத்தியருக்கு அது புதியதுமன்று, வெட்கத்துக்குரியதுமன்று.

பிள்ளை பிறக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், பிள்ளை பிறந்தாலும் பிறவாவிட்டாலும் அவள் உண்ணவேண்டும், நோவின்றி வாழவேண்டும். சட்டியை முதலில் நிரப்புவோம் என்று வீட்டார் எண்ணுவாராயின், அகப்பையைப் பற்றிய கவலையிற் பாதி அப்பொழுதே குறையும்.