கரிக்கட்டைக்குள் ஒரு புத்தகம்: பிரிக்காமலேயே படித்தது எப்படி?

பார்த்தால் கரிக்கட்டை. உள்ளே இருப்பதோ புத்தகம். பிரிச்சா தூளாகிடும். அப்போ எப்படிப் படிப்பது?

கி.பி. 79-ல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகை நூலகமும் புதைந்தது. அங்கிருந்த பாப்பிரஸ் சுருள்கள் 18-ம் நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டன. கத்தியால் அறுத்துப் பார்த்ததில் பல நாசமாகின. நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்னும் திறக்கப்படவில்லை.

என்ன சிக்கல்?

சுருளை எக்ஸ்-ரே ஸ்கேன் செய்து, கணினித் திரையிலேயே பிரிக்கும் முறையை கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் பல ஆண்டுகளாக உருவாக்கிவந்தார். ஆனால் தாளும் கரி, மையும் கரி. ஸ்கேனில் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

2023 மார்ச்சில் அவரும் தொழில்முனைவோர் நாட் ஃபிரீட்மேன், டேனியல் கிராஸ் ஆகியோரும் 'வெசுவியஸ் சேலஞ்ச்' போட்டியைத் தொடங்கினர். ஸ்கேன் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. முதல் பரிசு 7 லட்சம் டாலர்.

பணம்னா எல்லோரும் ஒளிச்சு வைப்பாங்களே?

அதற்கும் வழி செய்திருந்தார்கள். நடுநடுவே சிறு பரிசுகள் உண்டு. வாங்குபவர் தன் நிரலைப் பொதுவில் வெளியிட வேண்டும். இதனால் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க முடிந்தது.

படங்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்த கேசி ஹேன்ட்மர், காய்ந்த சேறு வெடித்தது போன்ற ஒரு வடிவத்தைக் கவனித்தார். அதுதான் மை! அதை வைத்து ஏஐ மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தார் 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர். 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் கிடைத்தது. அதே சொல்லை யூசெஃப் நாதரும் தனியாகக் கண்டுபிடித்தார்.

போட்டியாளர்களாக இருந்த இருவரும் பிறகு ஜூலியன் ஷில்லிகருடன் ஓரணியானார்கள். 2024 பிப்ரவரியில் முதல் பரிசு அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் வெளிவந்தன. அரிதாகக் கிடைப்பதுதான் அதிக இன்பம் தருமா என்று அலசும் தத்துவ நூல் அது.

ஏஐ-யே படித்துவிட்டதா?

இல்லை. ஏஐ காட்டியது மை இருக்கும் இடத்தை மட்டுமே. அதைச் சொற்களாக வாசித்துப் பொருள் சொன்னவர்கள் பாப்பிரஸ் அறிஞர்கள்தான்.

இவ்வளவுக்கும் அப்போது படிக்க முடிந்தது ஒரே சுருளில் சுமார் 5% மட்டுமே. மிச்சத்தையும் படிக்க ஒரு மேதை போதாது. கண்டதை அடுத்தவருக்குக் கொடுக்கும் பல பேர் வேண்டும்.