கடைசி வரிசைக்கும் புள்ளி தெரிய வேண்டும்

மெய்யெழுத்தின் புள்ளி தெரியாவிட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ‘கல்’ ‘கல’ என்று நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தப் புள்ளிதான் பாடமே. எனவே எச்.டி. காட்சி என்பது வீட்டில் படம் பார்ப்பவர்களின் ஆசை மட்டும் அன்று. திறன் வகுப்பறைகள் வந்துவிட்ட பிறகு அது நம் வேலையைச் சேர்ந்தது.

பழைய டிவிடி காட்சியில் 720 × 576, அதாவது 4,14,720 பிக்சல்கள். முழு எச்.டி.யில் 1920 × 1080, மொத்தம் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஆனால் எச்.டி. தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி மாட்டியதும் இந்த ஐந்து மடங்கும் கிடைத்துவிடாது. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பேராவூரணிக் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது என்பதை டெல்டா ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காட்சியும் அப்படித்தான்.

முதல் அடைப்பு இணையத்தில். யூடியூபில் கல்விக் காணொலி ஓடும்போது வேகம் குறைந்தால் தரம் தானாகவே 360 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். பற்சக்கரக் குறியைத் தொட்டால் எந்தத் தரத்தில் ஓடுகிறது என்பது தெரியும். 720 இருந்தால் வகுப்புக்குப் போதும். இணையம் தாங்காத ஊர் என்றால் முந்தைய நாளே செயலியில் சேமித்துவைப்பது நல்லது. அடுத்தது புரொஜெக்டர். ‘1080 ஏற்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். ஏற்பது வேறு, காட்டுவது வேறு. அதன் சொந்தப் பிக்சல் அளவு 1024 × 768 என்றால், எதைக் கொடுத்தாலும் அவ்வளவுக்குச் சுருக்கித்தான் காட்டும். வாங்கும் முன் ‘நேட்டிவ்’ என்ற வரியைப் பாருங்கள். பழைய நீலநிற விஜிஏ கம்பியை எச்டிஎம்ஐ ஆக மாற்றினால் ஒலியும் அதிலேயே வந்துவிடும்.

இனி கடைமடை. அதாவது கடைசி வரிசை. இதைப் பத்தாம் வகுப்புக் கணக்காகவே கொடுக்கலாம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்தறியும். 6 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53.5 செ.மீ.; முழு எச்.டி.யில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர்தான். 1.7 மீட்டரைத் தாண்டினாலே அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. கடைசி வரிசைக்காக 4கே திரை வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து.

அங்கே உதவுவது எழுத்தின் உயரம். 6 மீட்டரில் 9 மில்லிமீட்டர் எழுத்தைக் கண் எட்டிப்பிடித்துவிடலாம். ஆனால் அதன் மேலுள்ள புள்ளி ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும், மறைந்துவிடும். எழுத்து 2.5 செ.மீ. ஆனால் புள்ளி மூன்று மில்லிமீட்டரைத் தொடும், தெரியும். நீங்களே ஸ்லைடு தயாரித்தால் ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பழைய 4:3 காணொலியை அகலத்திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் வட்டம் நீள்வட்டமாகும். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், கோணங்களும் மாறிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

எச்.டி. உண்மையிலேயே கைகொடுக்கும் பாடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல் வெளிப்பட்டது. கோயிலுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்கூட அவற்றை நேரில் எளிதாகப் பார்த்துவிட முடியாது. அந்த மெல்லிய கோடுகள் முழு எச்.டி.யில் திரையருகே நின்றால்தான் தெரியும். அன்றைக்கு மாணவர்களை அவரவர் இடத்தில் உட்கார வைக்காமல், பத்துப் பத்துப் பேராக முன்னால் அழைத்துவிடுங்கள்.