கம்ப்யூட்டருக்கு ஹை-ஃபை ஸ்பீக்கர்: வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கம்ப்யூட்டருடன் வரும் சிறிய ஸ்பீக்கர்கள் விண்டோஸ் எழுப்பும் ஒலிகளைக் கேட்கப் போதும். உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் தனி ஆம்ப்ளிபயரும் அதற்குப் பொருத்தமான இரண்டு ஸ்பீக்கர்களும் தேவை. இவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி இணைப்பது என்று இங்கு பார்க்கலாம்.

சாத்தான்குளத்தில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். அம்மன் கோயில் கொடைகளில் அவர் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றை ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் மூலம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவர், "ஏலே, உடுக்கை கேக்கு, ஜால்ரா கேக்கு, குடத்துச் சத்தமே கேக்கலியே. அண்ணன் அடிச்ச குடம்லா அது" என்றார். குடம் அடித்த என் பெரியப்பா இப்போது இல்லை. பதிவில் குடம் இருந்தது. ஆனால் 3 அங்குல ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள முடியவில்லை. எனவே நல்ல ஸ்பீக்கர் தேடத் தொடங்கினோம்.

எந்த வாட்ஸ்?

பெட்டியின் மேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் வாட்ஸ்தான் தொடர்ந்து கிடைக்கும் சக்தி. அடாப்டரில் இயங்கும் ஸ்பீக்கர் என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 18 வாட்ஸ். அதற்கு மேல் அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து தர முடியாது.

சென்சிட்டிவிட்டி

ஒரு வாட் சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே சென்சிட்டிவிட்டி. சக்தியை இரு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். எனவே 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ஸில் தரும் ஒலியை 84 டெசிபல் ஸ்பீக்கரில் பெற 40 வாட்ஸ் தேவை. சித்தப்பாவின் அறை சிறியது. அதனால் 88 டெசிபல், 8 ஓம், ஆறரை அங்குல வூஃபர் கொண்ட ஸ்பீக்கர் ஜோடியையும் 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிபயரையும் தேர்ந்தெடுத்தோம்.

எத்தனை ஓம்?

ஆம்ப்ளிபயரின் பின்புறம் 6 முதல் 16 ஓம் வரை என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். அதிக மின்னோட்டம் இழுக்கப்பட்டு ஆம்ப்ளிபயர் சூடாகும். ஒரே முனையில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பாகப் பொருத்தினாலும் 4 ஓம் ஆகிவிடும்.

ஆம்ப்ளிபயரின் சக்தி குறைவாக இருந்தால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சிறிய ஆம்ப்ளிபயரை முழு வால்யூமில் வைத்தால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர். அப்போது உருவாகும் கூடுதல் உயர் அதிர்வெண்கள் ட்வீட்டரின் மெல்லிய காயிலை எரித்துவிடலாம். ஒலி கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டரின் பச்சை நிற ஜாக்கில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னைச் செருகுங்கள். மறுமுனையின் இரண்டு ஆர்.சி.ஏ. பின்களை ஆம்ப்ளிபயரின் ஆக்ஸ் உள்ளீட்டில் செருகுங்கள். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் செருகக் கூடாது. அது இசைத்தட்டுப் பிளேயருக்கானது, ஒலி சிதைந்து கேட்கும். விண்டோஸில் ஈக்வலைசரை நிறுத்திவிட்டு, வால்யூமை ஆம்ப்ளிபயரில் கூட்டிக் குறையுங்கள்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்டால் கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைத்துப் பாருங்கள். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

ஸ்பீக்கர் ஒயருக்கு அதிகம் செலவிட வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்குப் போய் வந்தாலும் அதன் தடை 0.12 ஓம் அளவுதான்.

10க்கு 10 அறை

நம் ஊர் வீடுகளில் 10க்கு 10 அடி அறைகள் அதிகம். 10 அடி இடைவெளி உள்ள எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி அளவுக்கு மீறி எழும்பும். சதுர அறையில் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே ஒலியை எழுப்புவதால் ஒரே பேஸ் ஒலி "திம் திம்" என்று இடிக்கும். எனவே ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். நீங்கள் சுவரை ஒட்டியும் உட்கார வேண்டாம், அறையின் சரிநடுவிலும் வேண்டாம்.

அறையில் கை தட்டிப் பாருங்கள். எதிரொலித்தால் கனமான திரை, பஞ்சு மெத்தை, புத்தக அலமாரி உதவும். பத்தமடைப் பாய் அழகானது, ஆனால் மெல்லியது. எதிரொலியை அது அதிகம் குறைக்காது.

கேட்டுப் பார்க்கும் முறை

முதலில் மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் இணையும் பாடல் இதற்கு ஏற்றது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவிலிருந்து பாடுவதுபோல் கேட்க வேண்டும். குரல் சிதறி, பேஸும் மெலிந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் ஒயர்கள் மாறியிருக்கலாம். சித்தப்பாவின் கேசட்டுகளும் மோனோதான். இப்போது குடம் நடுவில், உடுக்கைக்குக் கீழே தனியாகக் கேட்கிறது. "இதுதான் அண்ணன் கை" என்றார்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்கு பழகிய பாடல்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 வேண்டாம். சி.டி.யிலிருந்து எடுத்த வேவ் அல்லது ஃப்ளாக் பைல்கள் நல்லது. இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்கட்டும். சற்றுச் சத்தமாக ஒலிப்பதே நல்லது போல நம் காதுக்குத் தோன்றும். வீட்டில் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் அரை மணி நேரம் கேளுங்கள். காது சலிக்காத ஸ்பீக்கரை வாங்குங்கள்.