குடிநீரும் பாறைப் பிளப்பும்: ஆய்வுக்கு வேண்டிய அளவுகோல்கள்

நிலத்தின் ஆழத்தில் அமைந்துள்ள களிப்பாறை அடுக்குகளிலிருந்து எரிவாயுவையும் எண்ணெயையும் வெளிக்கொணரும் முறைகளுள் ‘ஃபிராக்கிங்’ என வழங்கும் நீரழுத்தப் பாறைப் பிளப்பு முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எரிபொருள் உற்பத்தியையே மாற்றியமைத்த இம்முறை, குடிநீரைக் கெடுக்கிறதா என்னும் வினாவையும் எழுப்பியது. இவ்வினாவுக்கு விடை காண அந்நாட்டு அரசு பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. அவ்வாய்வு கண்ட முடிவுகளைக் காட்டிலும், அது பின்பற்ற முயன்ற அளவுகோல்களும், அவற்றுள் எது நிறைவேறாமற் போயிற்று என்பதும் ஆட்சித் துறையினர்க்கு மிகுந்த படிப்பினை தருவனவாகும்.

பாறைப் பிளப்பு என்பது என்ன?

களிப்பாறையின் நுண்துளைகளில் எரிவாயு அடைபட்டுள்ளது; ஆயினும் அத்துளைகள் ஒன்றோடொன்று நன்கு இணைந்திராமையால் வாயு தானாகக் கிணற்றை வந்தடைவதில்லை. எனவே நிலத்தில் செங்குத்தாகத் துளையிட்டு, உரிய ஆழத்தை எட்டியதும் பெரும்பாலும் கிடைமட்டமாகத் திருப்பி, பாறை அடுக்கினூடே நெடுந்தொலைவு துளையைச் செலுத்துகின்றனர். பின்னர் மணலும் வேதிப்பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்துடன் உட்செலுத்துகின்றனர். பாறை வெடித்து விரிசல்கள் தோன்றுகின்றன. மணல் அவ்விரிசல்கள் மீண்டும் மூடிக்கொள்ளாதவாறு தாங்கி நிற்க, வாயு வெளியேறுகிறது. 2011-ஆம் ஆண்டு தொடங்கி 2013-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அமெரிக்கக் கிணறுகளுக்கென நிறுவனங்கள் அளித்த விவரங்களின்படி, ஒரு கிணற்றுக்குப் பயன்பட்ட நீரின் இடைநிலை அளவு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டராகும்.

நிலத்தடி நீர்ப்படுகை பொதுவாக மேற்பகுதியில் உள்ளது; எரிவாயுப் பாறை அதற்கு வெகு கீழே உள்ளது. இடையே துளை செல்லும் வழியில் இரும்பு உறைக்குழாய்களை இறக்கி, அவற்றுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட வெளியைச் சிமெண்டால் அடைக்கின்றனர். இக்காப்பு செம்மையாக அமைந்தால் நீர்ப்படுகைக்கு ஊறு நேராது. சிமெண்டில் பழுது நேர்ந்தால் வாயுவும் நீர்மங்களும் மேலேறக்கூடும். நிலத்தின் மேற்பரப்பில் வேதிப்பொருள் சிந்துதல், கிணற்றிலிருந்து திரும்பி வரும் உப்பு மிகுந்த கழிவுநீரைக் காப்பற்ற குழிகளில் தேக்குதல் ஆகியனவும் நீரைக் கெடுக்கும் வழிகளேயாம்.

ஆய்வு பிறந்த வரலாறு

அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நிலத்தடியில் நீர்மங்களை உட்செலுத்துதலை ஒழுங்குபடுத்துவது அச்சட்டத்தின் ஒரு பகுதியாகும். நிலக்கரிப் படுகை மீத்தேன் கிணறுகளை மட்டும் ஆராய்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பாறைப் பிளப்பினால் குடிநீர்க்கு உள்ள இடர் மிகச் சிறிதே என 2004-இல் அறிவித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட எரிசக்திக் கொள்கைச் சட்டம், டீசல் எரிபொருள் கலந்த நீர்மங்கள் நீங்கலாக, பாறைப் பிளப்பினை மேற்கண்ட ஒழுங்குமுறையிலிருந்து விலக்கியது. களிப்பாறை எரிவாயுக் கிணறுகள் பெருகப் பெருக மக்களின் ஐயமும் பெருகிற்று. இந்நிலையில் 2010-ஆம் நிதியாண்டிற்கான ஒதுக்கீட்டினையொட்டி, குடிநீர்க்கும் பாறைப் பிளப்புக்கும் உள்ள தொடர்பை ஆராயுமாறு அமெரிக்க நாடாளுமன்றம் அம்முகமையைக் கேட்டுக்கொண்டது. கிடைக்கும் சிறந்த அறிவியலைக் கையாளவேண்டும், சார்பற்ற இடங்களிலிருந்து செய்தி திரட்டவேண்டும், வெளிப்படையான முறையில் துறை அறிஞர் மதிப்பாய்வுக்கு உட்படவேண்டும் என்னும் நெறிகள் அவ்வேண்டுகோளிலேயே இடம்பெற்றிருந்தன.

வகுக்கப்பட்ட அளவுகோல்கள்

ஆய்வைத் தொடங்குமுன் ஆய்வுத் திட்டமே மதிப்பாய்வுக்கு உள்ளாயிற்று. 2011 பிப்ரவரியில் வெளியான வரைவுத் திட்டத்தை முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு ஆராய்ந்தது. திருத்தங்களுடன் இறுதித் திட்டம் அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. நீரை எடுத்தல், வேதிப்பொருள்களைக் கலத்தல், கிணற்றில் செலுத்துதல், திரும்பி வரும் நீரைக் கையாளுதல், கழிவுநீரைச் சுத்திகரித்தல் அல்லது அகற்றுதல் என ஐந்து கட்டங்களாக நீரின் பயணம் பகுக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள விவரங்களைத் தொகுத்தல், கணினி மாதிரிகளால் நிகழக்கூடியவற்றைக் கணித்தல், ஆய்வுக்கூடச் சோதனை, நச்சுத்தன்மை மதிப்பீடு, குறிப்பிட்ட இடங்களில் கள ஆய்வு என ஐவகை முறைகள் வகுக்கப்பட்டன.

ஒவ்வோர் ஆய்வுக்கும் தர உறுதித் திட்டம் ஒன்று முன்கூட்டியே எழுதப்பட்டது. எவ்வினாவுக்கு விடை தேடப்படுகிறது, எத்தனை மாதிரிகள் வேண்டும், அவற்றை எடுத்துப் பாதுகாப்பது எங்ஙனம், எந்தக் கருவியால் எந்த அளவு வரை கண்டறியலாம் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்படும். மாதிரிக் குப்பி ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பது பதிவாகவேண்டும். தூய நீர் நிரப்பிய வெற்று மாதிரிகளும் கிணற்று நீருடன் ஆய்வுக்கூடம் செல்லும். அவற்றில் ஒரு வேதிப்பொருள் காணப்படுமாயின், அது கிணற்றிலிருந்து வந்ததன்று, குப்பியிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ வந்தது என்பது புலப்படும். ஒரே நீரை இரு குப்பிகளில் எடுத்துச் சோதிப்பதனால் அளவீட்டின் உறுதி தெரியவரும்.

வழக்கமான குடிநீர்ச் சோதனைகள் இப்பணிக்குப் போதா என்பதும் உணரப்பட்டது. நைட்ரேட், புளோரைடு, நுண்ணுயிர் ஆகியவற்றைத் தேடும் சோதனை, பாறைப் பிளப்பு நீர்மத்திலுள்ள கிளைக்கால்களையும் அக்ரிலமைடையும் கண்டறியாது. ஆதலின் சில பொருள்களுக்குப் புதிய சோதனை முறைகளையே முகமை உருவாக்க வேண்டியதாயிற்று.

தொடக்கநிலை அளவீட்டின் இன்றியமையாமை

கெட்டுப்போன நீர் முன்பு எவ்வாறிருந்தது என்று தெரியாவிடில், கெடுத்தது எது என்று கூறுதல் அரிது. பென்சில்வேனியா மாநிலத்தில் எழுந்த கருத்து மாறுபாடு இதற்குத் தக்க சான்றாகும். டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள் 68 தனியார் நீர்க்கிணறுகளை ஆராய்ந்து, எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளவற்றில் மீத்தேன் மிகுந்திருந்ததை 2011-இல் வெளியிட்டனர். அம்மீத்தேனிலுள்ள கரிமத்தின் ஐசோடோப்புகள் ஆழத்துப் பாறை வாயுவை ஒத்திருந்தன; எனினும் பாறைப் பிளப்பு நீர்மம் நீரில் கலந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிட்டவில்லை. எரிவாயு நிறுவனத்தாரும் பங்கு கொண்ட மற்றோர் ஆய்வு, ஒரு மாவட்டத்தின் 1,701 நீர் மாதிரிகளை ஆராய்ந்து, மீத்தேன் பள்ளத்தாக்குகளில் இயற்கையாகவே மிகுந்துள்ளது என 2013-இல் வாதிட்டது. துளையிடுவதற்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் நீரை அளந்திருந்தால் இவ்வழக்கின் பெரும்பகுதி எழுந்தே இராது.

வயோமிங் மாநிலத்துப் பவிலியன் என்னும் சிற்றூரின் நிலையும் இத்தகையதே. அங்கு நீர்க்கிணறுகள் 240 மீட்டர் ஆழம் வரை செல்ல, பாறைப் பிளப்பு 400 மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே சில கிணறுகளில் நிகழ்ந்திருந்தது. முகமை இரண்டே கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டி நீரைச் சோதித்து, பாறைப் பிளப்பின் தாக்கம் இருக்கக்கூடும் என 2011 டிசம்பரில் வரைவறிக்கை வெளியிட்டது. கண்காணிப்புக் கிணறுகளை அமைத்த பொருள்களே நீரில் வேதிப்பொருளைச் சேர்த்திருக்கலாம், மாதிரிகள் மிகச் சில என்னும் கண்டனங்கள் எழுந்தன. வரைவு இறுதி வடிவம் பெறாமலே 2013-இல் ஆய்வு மாநில அரசிடம் விடப்பட்டது. 2016-இல் மாநில அரசின் ஆய்வு பாறைப் பிளப்பினைக் காரணமாகக் கொள்ள இயலாதென்றும், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு தாக்கம் உண்டென்றும் கூறின. நாற்றமடிக்கும் நீரைப் பற்றி முறையிட்ட குடும்பங்களுக்கு ஐயமற்ற விடை கிடைக்கவில்லை. அளவுகோலில் நேரும் குறை மக்களையே வருத்துகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இக்குறையைப் போக்கவே, துளையிடுமுன் தொடங்கிக் கிணற்றின் பணி முடியும் வரை நீரைத் தொடர்ந்து அளக்கும் முன்னோக்குக் கள ஆய்வுகள் தேசிய ஆய்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் உரிய இடங்கள் அமையாமையால் அவை நடைபெறவேயில்லை. ஏற்கெனவே முறையீடு எழுந்த ஐந்து இடங்களில் பின்னோக்கிய ஆய்வுகள் மட்டுமே நிறைவேறின.

மறைக்கப்பட்ட விவரங்கள்

எதைத் தேடவேண்டும் என்று அறியாது தேடுதலும் பயனற்றது. நிறுவனங்கள் பொதுப் பதிவேட்டில் அளித்த 39,000-க்கும் மேற்பட்ட விவர அறிக்கைகளை முகமை ஆராய்ந்தபோது, பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது ஒரு பொருளேனும் வணிக மறைபொருளெனக் கூறி வெளியிடப்படாமல் இருந்தது. பல்வேறு ஆதாரங்களைத் தொகுத்து, நீர்மங்களில் பயன்பட்டனவும் திரும்பி வந்த நீரில் காணப்பட்டனவுமாக 1,606 வேதிப்பொருள்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கே, நெடுங்காலம் பருகினால் தீங்கில்லா அளவு எதுவென வகுக்கப்பட்டிருந்தது.

ஒரு வாக்கியத்தின் வரலாறு

2015 ஜூன் மாதம் வெளியான வரைவறிக்கை, குடிநீர் கெடுவதற்கான வழிகள் உள்ளன என ஒப்புக்கொண்டு, நாடு தழுவிய பரவலான பாதிப்புக்குச் சான்று காணப்படவில்லை என்றும் கூறியது. செய்தித்தாள்கள் பிற்பகுதியையே பெரிதாக வெளியிட்டன. அறிவியல் ஆலோசனைக் குழு, இம்முடிவுக்கு எண்ணிக்கை அடிப்படையிலான ஆதரவு போதுமான அளவு தரப்படவில்லை என 2016 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. குழுவினர் சிலர் இதனின்று மாறுபட்டனர். 2016 டிசம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கையில் அவ்வாக்கியம் நீக்கப்பட்டது. சில சூழ்நிலைகளில் பாறைப் பிளப்புப் பணிகள் குடிநீரைப் பாதிக்கக்கூடும் என்றும், விவரக் குறைவினால் நாடளவில் அதன் நிகழ்வெண்ணைக் கணிக்க இயலாதென்றும் அது கூறியது. நீர்ப் பற்றாக்குறையுள்ள இடத்தில் நீரெடுத்தல், வேதிப்பொருள் சிந்துதல், பழுதுற்ற கிணற்றில் உட்செலுத்துதல், நிலத்தடிக் குடிநீர்ப் படுகையிலேயே நேராக உட்செலுத்துதல், போதிய சுத்திகரிப்பின்றிக் கழிவுநீரை விடுதல், காப்பற்ற குழிகளில் அதைத் தேக்குதல் ஆகிய ஆறும் இடர் மிகுந்த சூழ்நிலைகளெனக் குறிக்கப்பட்டன.

சான்று காணப்படவில்லை என்பதும், பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. தேடிய இடமும், தேடிய முறையும், தேடாது விட்டவையும் உடன் கூறப்பட்டாலன்றி முதல் கூற்று இரண்டாவதாகவே கொள்ளப்படும். துறை அறிஞர் மதிப்பாய்வின் பயன் இவ்வேறுபாட்டைக் காத்தலேயாகும்.

இந்தியாவுக்கு உள்ள படிப்பினை

மேற்கு வங்கத்தில் துர்காப்பூருக்கு அருகிலுள்ள இச்சாபூரில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் தோண்டிய கிணற்றில் 2011 ஜனவரியில் களிப்பாறை எரிவாயு காணப்பட்டது. அரசுத்துறை நிறுவனங்கள் இவ்வாயுவைத் தேடுவதற்கான கொள்கையை மத்திய அரசு 2013-இல் அறிவித்தது. பாசனமும் குடிநீரும் பெருமளவு நிலத்தடி நீரையே நம்பியுள்ள நம் நாட்டில், அமெரிக்க அனுபவம் கூறுவது தெளிவானது. முதல் துளை விழுமுன்பே சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீர் பல பருவங்களில் அளக்கப்பட வேண்டும். அவ்வளவீடு, துளையிடும் நிறுவனத்தைச் சாராத ஆய்வுக்கூடத்தால் செய்யப்பட்டு, கிணற்றின் உரிமையாளருக்கும் அளிக்கப்பட வேண்டும். பயன்படுத்தும் வேதிப்பொருள்களின் முழுப்பட்டியல் ஆய்வாளர்க்குக் கிடைக்க வேண்டும். இவை உரிமம் வழங்கும்போதே நிபந்தனைகளாக விதிக்கத்தக்கவை. முறையீடு எழுந்தபின் இவற்றை ஈடுசெய்ய எப்பெருஞ்செலவாலும் இயலாது.

துளையிடுமுன் எடுக்கும் ஒரு குப்பி நீர் மிகச் சிறிய செலவே. விவசாயிக்கும் நிறுவனத்திற்கும் அரசுக்கும் பின்னாளில் எழும் வழக்கில் நடுநிலைச் சான்றாக நிற்கவல்லது அதுவே.