விற்கும் முன் வீட்டைப் புதுப்பிக்கலாமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பது பழமொழி. கட்டிய வீட்டை விற்பதும் அவ்விரண்டுக்கும் குறைந்த பாடு அன்று. மகளின் திருமணம், மகனின் படிப்பு, தீராத கடன் என ஏதேனும் ஒரு நெருக்கடியில்தான் நம்மில் பலருடைய பெற்றோர் வீட்டை விற்க முற்படுகின்றனர். அப்போது எழும் கேள்வி இது: உள்ளபடியே விற்பதா, செலவு செய்து புதுப்பித்து விற்பதா?

முதலில் அறிய வேண்டியது, வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதே. வீட்டின் விலை என்பது மனையின் விலையும் கட்டடத்தின் விலையும் சேர்ந்தது. கடைவீதியை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் அதை இடித்துவிட்டு மாடி கட்டவே வாங்குவார். அவருக்காக நாம் பதிக்கும் டைல்ஸ் கடப்பாரைக்கே இரையாகும். குடியிருக்க வாங்குபவரோ ஒழுகாத கூரையையும், தண்ணீர் வரும் குழாயையும், அச்சமற்ற மின் இணைப்பையும் எதிர்பார்ப்பார். அவருக்காகச் சிறு பழுதுகளைச் சரிசெய்வது பயன் தரும்.

அடுத்தது கணக்கு. மூன்று இலட்சம் ரூபாயை, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிப் புதுப்பிப்பதாகக் கொள்வோம். மாத வட்டி 6,000 ரூபாய். வேலை முடிய இரண்டு மாதம், ஆள் அமைந்து பத்திரம் பதிய ஆறு மாதம் என்றால் வட்டி மட்டும் 48,000 ரூபாய். ஆகவே விலை 3,48,000 ரூபாய்க்கு மேல் உயர்ந்தால்தான் ஒரு ரூபாயேனும் மிஞ்சும். விலை உயரலாம், உயராமலும் போகலாம். வட்டியோ தவறாமல் ஏறும்.

மூன்றாவது நேர்மை. “சுவத்து நோயை வெள்ளை மறைக்கும், தீர்க்காது” என்பார் கொத்தனாராகிய என் தந்தை. இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, தரையின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த உப்புகள் படிகமாகிப் பூச்சைப் பொரியச் செய்கின்றன. காங்கிரீட் தளத்திலோ உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் தளம் வெடிக்கிறது. பெயிண்ட் இவற்றை அடுத்த மழைக்காலம் வரை மறைக்கலாம், அவ்வளவே.

விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்துக் கண்டுகொள்ள முடியாததுமான பெருங்குறையை விற்பவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. சட்டம் ஒருபுறம் இருக்க, ஏமாறப்போவது யார்? ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தோடு வரும், நம்மைப் போன்ற மற்றொரு குடும்பமாகவே அது இருக்கக்கூடும்.

எனவே முதற்செலவு காகிதங்களுக்கே ஆகட்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது ஆகியவற்றை ஒழுங்கு செய்ய வேண்டும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று பெற்று மாற்ற வேண்டும். பத்திரம் சரியில்லாத வீட்டைப் பளிங்குத் தரை காப்பாற்றாது. பிறகு ஒழுகும் ஓட்டை மாற்றி, உடைந்த குழாயைச் சீர்செய்து, சுண்ணாம்பு அடித்தால் போதும். பெரும் பழுதுகளை வாங்குபவரிடம் காட்டி, அதற்கேற்ப விலை பேசலாம். கடன் வாங்கி அழகுபடுத்துவதைவிட இதுவே நம் போன்றோர்க்கு ஏற்ற வழி.

நண்பர்களே, நம் வீடுகளில் பத்திரத்தைப் படித்துப் பொருள் கூறவும், வட்டியைக் கணக்கிட்டுக் காட்டவும் வல்லவர்கள் பெரும்பாலும் நாமே. கற்ற கல்வி அங்கும் பயன்படட்டும்.