கோணல் வீச்சும் கோப்பை வெல்லும்!

குட்டீஸ், கிட்டிப்புள் ஆடியிருக்கிறீர்களா? கோலியனூர் திடலில் நாலு பேர் ஆடினால், நாலு பேரும் நாலு விதமாக அடிப்பார்கள். கோல்ஃப் ஆட்டத்திலும் அப்படித்தான்!

46 கிராமுக்குள் எடையுள்ள குட்டிப் பந்து. அசையாமல் கிடக்கிற அதை அடிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு தோள், அப்புறம் கை, கடைசியாக மட்டை. சாட்டையைச் சொடுக்குவது மாதிரி!

அமெரிக்க வீரர் ஜிம் ஃப்யூரிக் அடிப்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். மட்டை ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி. நடுவில் தலைக்கு மேல் ஒரு வளையம்! அவருடைய பயிற்சியாளர் அப்பாதான். மகனின் வீச்சை அவர் மாற்றவில்லை. 2003-ல் அமெரிக்க ஓபன் கோப்பையை வென்றார் ஃப்யூரிக். 2016-ல் 18 குழிகளையும் 58 அடிகளில் முடித்து அசத்தினார். எப்படி? மேலே எப்படிச் சுற்றினாலும், பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் நேராக இருக்கும். அந்தக் கணம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான்!

நம் நாட்டு ஜீவ் மில்கா சிங்கின் வீச்சும் புத்தகத்தில் இருப்பது போல இருக்காது. ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகனான அவர், ஐரோப்பிய டூரில் 4 பட்டங்கள் வென்றவர்.

பெங்களூரு அதிதி அசோக் வேறு ரகம். ரொம்ப தூரம் அடிக்கமாட்டார். ஆனால் குழிக்கு அருகே பந்தை உருட்டுவதில் கில்லாடி. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) நான்காவது இடம். பதக்க வாய்ப்பு ஒரே ஒரு அடியில் போனது!

எனக்குப் பிடித்தவர் தீக்ஷா டாகர். செவித்திறன் குறைந்தவர், இடக்கை ஆட்டக்காரர். 2022-ல் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

இன்று சாயங்காலம் கிட்டிக்கோலை வீசும்போது, முதலில் திரும்புவது இடுப்பா, கையா என்று நண்பனைக் கவனிக்கச் சொல்லுங்கள்!